வெடியுப்பில் ஆறிய தண்ணீரும் கலப்பு கேஸும்

வெடியுப்பு என்றால் எங்க பக்கம் எல்லாருக்கும் நெருப்பு ஞாபகம்தான் வரும். கரி, கந்தகம், வெடியுப்பு, மூணும் அளவாச் சேர்ந்தா மருந்து. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பாதிக் குடும்பத்துக்குச் சோறு போடுறதும், சில நேரம் ஆளையே கொண்டு போறதும் அந்த மருந்துதான்.

ஆனா இதே வெடியுப்பை வச்சு ஒரு காலத்துல தண்ணியைக் குளிர வச்சிருக்காங்க. அக்பர் அரண்மனை நடைமுறைகளை எழுதி வச்ச அபுல் பசல், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில இதை விவரமாவே சொல்லியிருக்கார். வெடியுப்பைத் தண்ணியில கரைக்கணும். குடிதண்ணி இருக்கிற கூஜாவை அந்தக் கரைசலுக்குள்ள விட்டுக் கால் மணி நேரம் சுத்திக்கிட்டே இருக்கணும். உள்ளே இருக்கிற தண்ணி சில்லுன்னு ஆயிடும். வெடிமருந்தில் சூட்டைக் கிளப்புகிற சாமான் இங்கே குளிரைத் தருதேன்னு அவருக்கே ஆச்சரியம்.

இதுல மந்திரம் ஒண்ணும் இல்லை. வெடியுப்பு தண்ணியில கரையும்போது சுத்தியிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கிட்டுத்தான் கரையும். கரைசலைக் காய்ச்சினா உப்பு திரும்பக் கிடைக்கும், மறுபடி கரைக்கலாம். ஒரு இடத்துல சூட்டை வாங்கு, இன்னொரு இடத்துல கொண்டு போய் விடு, திரும்ப வா. இன்னிக்கு உங்க வீட்டுப் பிரிட்ஜும் ஏசியும் செய்யுற வேலை இதுதான், வேற எதுவும் இல்லை.

எங்க ஊர்ல வெடியுப்பு வாங்கித் தண்ணி ஆற வைக்கிற வசதி யாருக்கும் இருந்திருக்காது. மண்பானைதான். பானைச் சுவர்ல கசியுற தண்ணி ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகுது. சித்திரை வெயில்ல கரிசக்காட்டுல நிக்கிறவனுக்கு வேர்வை காயும்போது உடம்பு ஆறுதே, அதே கணக்கு. நீர்மம் ஆவியாகணும்னா சூடு வேணும். இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. மீதி கதை முழுக்க இதுலதான் ஓடுது.

கப்பலில் வந்த குளிர்

சென்னை வாசகர்களுக்கு ஐஸ் அவுஸ் தெரிஞ்சிருக்கும். திருவல்லிக்கேணிக் கடற்கரையில இருக்கிற அந்த வட்டக் கட்டடம் 1842ல் ஐஸ் வைக்கக் கட்டினது. பிரெடரிக் டியூடர்னு ஒரு அமெரிக்க வியாபாரி, அவர் நாட்டு ஏரியில உறைஞ்ச பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு, கப்பல்ல மாசக்கணக்கா கொண்டு வந்து இங்கே வித்தார். 1833ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. அப்புறம் பம்பாய், மதராஸ். வழியில கரைஞ்சது போக மீதியிலேயே லாபம் பார்த்திருக்கார்னா பாத்துக்கோங்க. 1870களில் இங்கேயே மிஷின் வச்சு ஐஸ் போட ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. பிறகு 1897ல் விவேகானந்தர் அங்கே தங்கினதால அது விவேகானந்தர் இல்லம் ஆச்சு.

அந்த மிஷினுக்குள்ள என்ன ஓடுச்சுங்கிறதுதான் நம்ம கேள்வி. 1834ல் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை வாங்கின முதல் மிஷின்ல ஈதர். சீக்கிரம் ஆவியாகும், ஆனா தீப்பிடிக்கும். 1870களில் ஜெர்மனிக்காரர் கார்ல் வான் லிண்டே அம்மோனியாவுக்கு வந்தார். அம்மோனியா கொதிக்க மைனஸ் 33 டிகிரி போதும். ஆவியாகும்போது நிறையச் சூட்டை வாங்கும். விலை மலிவு. கெட்டது என்னன்னா, கசிஞ்சா கண்ணு எரியும், மூச்சு அடைக்கும், அளவு கூடினா உயிருக்கே ஆபத்து. நல்லது என்னன்னா, கொஞ்சம் கசிஞ்சாலே நாத்தம் காட்டிக் கொடுத்துடும்.

150 வருஷம் ஆகப்போகுது, நம்ம நாட்டுல பெரிய குளிர்பதனக் கிடங்குன்னா இன்னிக்கும் முதல்ல அம்மோனியாதான்.

விருதுநகரும் வத்தலும்

விருதுபட்டியா இருந்த ஊர் 1923ல் விருதுநகர் ஆனது. பேர் மாறுறதுக்கு முன்னாடியே அது சந்தை ஊர். பருத்தி, மல்லி, பருப்பு, எண்ணெய், வத்தல். இப்போ வத்தலுக்குப் பக்கத்துலயே குளிர் கிட்டங்கியும் நிக்குது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டும் சரி, எங்க பக்கத்துச் சம்பாவும் சரி, மாசி, பங்குனியில காய்ஞ்சு மூட்டையில ஏறும். வெளியே போட்டு வச்சா மழைக்காலத்துக்குள்ள நிறம் வெளுத்துடும், வண்டு விழுந்துடும். குளிர்ல வச்சா ஐப்பசியிலயும் சிவப்பு அப்படியே நிக்கும்.

இதுல ஒரு விஷயத்தை நகரத்து நண்பர்கள் கவனிக்கணும். அறுவடை நேரத்துல எல்லாரும் ஒண்ணா மூட்டையை இறக்குறோம், விலை விழுது. உரக்கடைக் கடன், கூலி பாக்கி இருக்கிறவன் அன்னிக்கே வித்துட்டு வர்றான். வச்சு விக்க முடிஞ்சவன் குளிர் கிட்டங்கிக்குக் கொண்டு போறான். யார் கையில குளிர் இருக்கோ அவங்க கையில விலையும் இருக்கு. குளிர் மிஷின் வரலாறு விவசாயிக்கு எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு என் பதில் இதுதான்.

மேட்டூர் வரை வந்த அதிசய கேஸ்

அம்மோனியாவை வீட்டுக்குள்ள வைக்க முடியாது. ஆரம்பகாலப் பிரிட்ஜ்களில் ஓடின கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் விஷம். அதனால 1928 வாக்கில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழு புதுசா ஒரு குடும்பத்தையே கண்டுபிடிச்சது. சி.எஃப்.சி.ன்னு பேர். அதுல முக்கியமானது ஆர்-12. எரியாது, நாத்தம் இல்லை, விஷம் இல்லை. உலகம் முழுக்க வீட்டுப் பிரிட்ஜ்ல இது ஓடுச்சு. இந்தியாவில் இந்த வகையைத் தயாரிச்ச நாலு கம்பெனியில் ஒண்ணு நம்ம மேட்டூர்ல இருந்தது, கெம்பிளாஸ்ட் சன்மார்.

1974ல் மோலினாவும் ரோலண்டும், இந்தக் கேஸ் மேலே போய் ஓசோனைத் தின்னுதுன்னு எழுதினாங்க. 1985ல் அண்டார்டிகா மேல ஓட்டையே தெரிஞ்சது. 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1992ல் இந்தியாவும் சேர்ந்தது. 2008 ஆகஸ்ட் மாசம் இந்தியாவில் சி.எஃப்.சி. உற்பத்தி நின்னது.

ஒப்பந்தம் போட்டவங்க மேல எனக்குக் குறை இல்லை. அது உலகத்துக்கு நல்லது. ஆனா ஆர்-12 ஓடிக்கிட்டு இருந்த லட்சக்கணக்கான பழைய பிரிட்ஜுக்கு என்ன வழி? பணக்காரன் புதுசு வாங்குவான். டவுன்ல டீக்கடை வச்சிருக்கிறவரும் தெருமுனைச் சோடாக்கடைக்காரரும் என்ன செய்வாங்க? கலப்பு கேஸ் கதை இங்கேதான் நம்ம பக்கம் திரும்புது.

ஏன் கலக்கணும்?

கலக்குறது புது யோசனை இல்லை. 1880களிலேயே சுவிட்சர்லாந்து ராவுல் பிக்டே, கந்தக டை ஆக்சைடோட கரியமில வாயுவைச் சேர்த்துப் பார்த்தார். காரணம் எளிது. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு குணம். ஒண்ணுல அழுத்தம் கூட, ஒண்ணுல குறைவு. ஒண்ணு நல்லாக் குளிரும், ஆனா எரியும். இன்னொண்ணு எரியாது, ஆனா எண்ணெயோட சேராது. தனித்தனியா வேலைக்கு ஆகாததை அளவாச் சேர்த்தா வேணுங்கிற குணம் வரும்.

கலவையில ரெண்டு ஜாதி இருக்கு. சாராயம் காய்ச்சுறதை வச்சுச் சொன்னா சட்டுன்னு புரியும். ஊறலைக் காய்ச்சும்போது முதல்ல வர்ற ஆவியில சாராயம் கூட இருக்கும், போகப் போகத் தண்ணி கூடும். கொதிக்கக் கொதிக்கப் பானையில இருக்கிற கலவை மாறிக்கிட்டே இருக்கும், கொதிக்கிற சூடும் ஏறிக்கிட்டே போகும். குளிர் மிஷின்ல ஓடுற பல கலவை இந்த ஜாதி. ஆனா அதே சாராயத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி 95, 96 சதவீதம் கொண்டு வந்துட்டா, அதுக்கு மேல காய்ச்சிப் பிரிக்க முடியாது. அந்த அளவுல ரெண்டும் ஒரே ஆள் மாதிரி ஒண்ணாவே ஆவியாகும். இது ரெண்டாவது ஜாதி. ஐஸ்கிரீம் பெட்டி, கடை பிரீசர்களில் வெகுகாலம் ஓடின ஆர்-502 இந்த மாதிரி ஒட்டிக்கிட்ட கலவைதான்.

1992ல் ஜெர்மனியில டார்ட்மண்ட் ஊர்ல ரெண்டு டாக்டர்கள் ஒரு வேலை செஞ்சாங்க. புரொபேனும் பியூட்டேனும் சேர்த்துப் பிரிட்ஜ்ல ஓட விட்டாங்க. அடுப்பு கேஸ் சிலிண்டர்ல இருக்கிற அதே ரெண்டு பேர்தான். புரொபேன் மைனஸ் 42ல் கொதிக்கும், அழுத்தம் ஜாஸ்தி. ஐசோபியூட்டேன் மைனஸ் 12ல் கொதிக்கும், அழுத்தம் கம்மி. சரிபாதி சேர்த்தா ஆர்-12 அழுத்தத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கும். கிரீன்பீஸ் அமைப்பு பின்னால நின்னதால கிழக்கு ஜெர்மனியில மூடப்போன ஒரு பிரிட்ஜ் பாக்டரி அதைச் செஞ்சு 1993ல் விற்பனைக்கே கொண்டு வந்துச்சு. பெரிய ரசாயனக் கம்பெனிகள் சொன்ன ஆர்-134ஏ மட்டும்தான் வழிங்கிற பேச்சு அதோட உடைஞ்சது.

அந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனா பழைய பிரிட்ஜ் கம்ப்ரசர்ல இருக்கிற கனிம எண்ணெயோட சேராது. எண்ணெய் குழாய்க்குள்ள போனா திரும்பி வராது, கம்ப்ரசர் வறண்டு சீஸ் ஆகும். மாத்தணும்னா எண்ணெயும் மாத்தணும், செலவு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல மோகன்லால், ஜோசப் சேகர், ரெங்கநாராயணன் குழு 2000களின் தொடக்கத்துல எடுத்துக்கிட்ட கேள்வி இதுதான். ஆர்-134ஏ-ல எடைக்கு 10 சதவீதத்துக்கும் குறைவா புரொபேன், ஐசோபியூட்டேன் சேர்த்தாங்க. அந்தக் கொஞ்சம் ஹைட்ரோகார்பன் எண்ணெயைக் கரைச்சுக் கையைப் பிடிச்சுக் கம்ப்ரசருக்குத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்துடும். எரியுற பொருள் குறைவா இருக்கிறதால பயமும் குறைவு. பழைய பிரிட்ஜ், பழைய எண்ணெய், புதுக் கேஸ். ஓட்டிப் பார்த்ததுல கரன்ட்டும் மிச்சம்னு முடிவு வந்துச்சு. ஜன்னல் ஏசியில ஓடின ஆர்-22க்கும் இதே பாணியில ஒரு கலவையைச் சோதிச்சாங்க.

எனக்கு இதுல பிடிச்சது அந்தக் கேள்விதான். புதுசா என்ன விக்கலாம்னு தொடங்கலை. வீட்டுல இருக்கிறதைத் தூக்கிப் போடாம எப்படி ஓட்டலாம்னு தொடங்கினாங்க. ஏர் ஓட்டுறவன் புத்தி அது.

கலவை வந்தது, அறிவு வரலை

நீங்க இதைப் படிக்கிற அறையில பத்து வருஷத்துக்கு முந்தின ஸ்பிளிட் ஏசி இருந்தா, அதுல பெரும்பாலும் ஆர்-22 இருக்கும், இல்லேன்னா ஆர்-410ஏ இருக்கும். ரெண்டாவது ஒரு கலவை. ஆர்-32 பாதி, ஆர்-125 பாதி. கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்ட ஜாதி, அதனால தொந்தரவு கம்மி. ஆர்-407சி அப்படி இல்லை. ஆர்-32 23 பங்கு, ஆர்-125 25 பங்கு, ஆர்-134ஏ 52 பங்கு. மூணும் வேற வேற சூட்டுல கொதிக்கிறவை. ஊறல் கதைதான்.

எங்க பக்கம் ஒரு பால் குளிரூட்டும் தொட்டியில இது ஓடுச்சு. எங்கேன்னு சொல்லலை. கறந்த பால் சீக்கிரம் 4 டிகிரிக்கு இறங்கணும். நேரமானா புளிப்பு ஏறிடும். குழாய் இணைப்பு ஒண்ணுல பொடிக் கசிவு. மாசம் ஒரு தடவை மெக்கானிக் தம்பி வந்து கொஞ்சம் கேஸ் அடிச்சுட்டுப் போவார். அளவுமானி சரியாத்தான் காட்டும். ஆனா பால் இறங்குற நேரம் மட்டும் நீண்டுக்கிட்டே போச்சு. மூணு மாசம் சாயங்காலப் பால் பல நாள் திரும்பி வந்துச்சு. ரெண்டு மாடு வச்சுப் பிழைக்கிற அக்காமார் கணக்குல பணம் கழிஞ்சது. "பால்ல தண்ணி கலந்திருக்கே"ன்னு ஏச்சு வேற.

நடந்தது என்னன்னா, ஆவியாக் கசியும்போது லேசான ரெண்டும் முந்திப் போகும். மிஷின்ல பின்தங்குறது ஆர்-134ஏ. மேல மேல அடிச்சாலும் கலவை பழைய கலவை ஆகாது. அடிச்ச விதமும் தப்பு. சிலிண்டரை நிமிர்த்தி வச்சு ஆவியா ஏத்தினா, சிலிண்டருக்குள்ளேயே பிரிஞ்சதுதான் வரும். கலப்பு கேஸை நீர்மமாத்தான் எடுக்கணும். கசிவு பெருசுன்னா இருக்கிறதை முழுக்க எடுத்துட்டு, அடைச்சு, வெற்றிடம் இழுத்து, எடை போட்டுப் புதுசா நிரப்பணும். ரெண்டு வரியில எழுதிடலாம். அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லித் தரலை. அவர் ஆர்-22 காலத்துல ஆள்கூடப் போய்ப் பழகினவர். ஆர்-22 தனி ஆள், எப்படி அடிச்சாலும் ஆர்-22தான்.

அந்த அக்காமார் மேலயும் தப்பில்லை, தம்பி மேலயும் முழுத் தப்பு சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் மான்ட்ரியல்ல ஆகுது, கலவை வெளிநாட்டு ஆய்வகத்துல ஆகுது, சிலிண்டர் மதுரை வரைக்கும் வருது. எப்படி ஊத்தணுங்கிற சேதி மட்டும் பைபாஸைத் தாண்டி ஊருக்குள்ள வர்றதில்லை.

பிரியுற குணமே லாபம் ஆகுற இடம்

கலவை கொதிக்கும்போது சூடு ஏறிக்கிட்டே போகும்னேன். இதைக் குறைன்னு மட்டும் நினைக்க வேண்டாம். ஹீட் பம்ப்னு ஒண்ணு இருக்கு. ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் கொடுக்கும். ஹோட்டல், ஆஸ்பத்திரிகளில் வெந்நீருக்கு வைக்கிறாங்க. பழம், வத்தல் காய வைக்கிற உலர்த்தியிலும் வருது. ஹீட்டர் ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஒரு யூனிட் சூடு தரும். இது மூணு வரைக்கும் தரும், ஏன்னா சூட்டை உண்டாக்கலை, தூக்கிட்டு மட்டும் வருது.

தண்ணி 25 டிகிரியிலிருந்து 55க்குப் படிப்படியா ஏறும். தனிக் கேஸ் ஒரே சூட்டுல நின்னு குளிரும். கலவையோ குளிரும்போது படிப்படியா இறங்கும். ரெண்டையும் எதிரெதிர்த் திசையில ஓட விட்டா, ஏறுறவனும் இறங்குறவனும் ஒவ்வொரு படியிலும் பக்கத்துல பக்கத்துல வருவாங்க. இடைவெளி குறைஞ்சா வீணாகுற சக்தியும் குறையும். இயற்கை எரிவாயுவை மைனஸ் 160 டிகிரிக்கு இறக்கி நீர்மமாக்குற பெரிய ஆலைகளில் நைட்ரஜன், மீத்தேன், ஈத்தேன், புரொபேன்னு பல கேஸ் சேர்ந்த கலவை இந்தக் கணக்குலதான் ஓடுது. சென்னை ஐஐடியில வெங்கடரத்தினம் இந்தக் கலவைகளைப் பத்தி வருஷக்கணக்கா வேலை செஞ்சு, 2008ல் புத்தகமே எழுதினார். உலகம் முழுக்க அந்தத் துறைக்காரங்க படிக்கிற புத்தகம்.

நெருப்பு திரும்பி வருது

இப்போ கதை இன்னொரு வளைவுல நிக்குது. ஓசோனைத் தொடாத கேஸ்கள் பூமியைச் சூடாக்குறதுல மோசம். ஒரு கிலோ கரியமில வாயுவை ஒண்ணுன்னு வச்சா, ஆர்-410ஏ ஏறக்குறைய 2,000, பால் தொட்டி, பிரீசர்ல வர்ற ஆர்-404ஏ 3,900. 2016ல் ருவாண்டாவின் கிகாலியில போட்ட திருத்தத்தை இந்தியா 2021ல் ஏத்துக்கிட்டது. 2028ல் இந்த வகைகளுக்கு உச்சவரம்பு, 2047க்குள்ள 85 சதவீதம் குறைக்கணும். ஆர்-22 புதுசாச் செய்யுறது 2030ல் முடியுது.

அடுத்து வர்றதுல பெரும்பாலானது கொஞ்சமாவது எரியுறதுதான். ஆர்-32 லேசா எரியும். புரொபேன் நல்லாவே எரியும். சி.எஃப்.சி. வந்ததே எரியாத கேஸ் வேணும்னுதான். 90 வருஷம் சுத்தி நெருப்புக்கிட்டயே திரும்ப வந்திருக்கோம். வீட்டுப் பிரிட்ஜ்ல 150 கிராமுக்குள்ளதான் ஹைட்ரோகார்பன் இருக்கணும்னு ஒரு வரம்பு வச்சிருக்காங்க. காத்துல புரொபேன் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தா பத்தாது. அந்த அளவுக்குப் போகவே விடக் கூடாதுங்கிற கணக்கு அது.

இதைப் படிச்சுட்டு யாரும் பழைய பிரிட்ஜ்ல அடுப்பு கேஸை அடிக்கக் கிளம்பிடாதீங்க. சில ஊர்ல அப்படியும் செய்யுறாங்க. அடுப்பு கேஸ்ல கலவை அளவு நிலையா இருக்காது, ஈரமும் கந்தகமும் இருக்கும், நாத்தத்துக்குச் சேர்த்த மருந்தும் இருக்கும். பிரிட்ஜ் உள்ளே தீப்பொறி விடுற சுவிட்ச் அப்படியே இருக்கும். எரியுற கேஸுக்குன்னு செஞ்ச பிரிட்ஜ்ல அந்தச் சுவிட்சையே மாத்தி வச்சிருப்பாங்க.

எரியுற சாமானோட எப்படிப் பிழைக்கிறதுன்னு எங்க பக்கத்துக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தீப்பெட்டியைப் பாருங்க. குச்சி மருந்துல குளோரேட், பெட்டிப் பக்கவாட்டுல செம்பாஸ்பரஸ். ரெண்டையும் பிரிச்சு வச்சதுதான் பாதுகாப்பு, சேர்றது உங்க விருப்பத்துல. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்தது அந்த வித்தையைத்தான். பட்டாசு ஆலைக்கு உரிமம் கொடுக்கிற மத்திய வெடிபொருள் துறைதான் கேஸ் சிலிண்டர் விதிகளையும் பார்க்குது. அதோட அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கு. விதி எழுதப்பட்ட இடம் கைக்கெட்டுற தூரம்தான். ஆனாலும் விபத்து நடக்குது. ஏன்னா விதி தாள்ல இருக்கு, மருந்து கலக்குறவன் கையில அவசரம் இருக்கு. தீபாவளி நெருங்கினா ஆர்டர், உத்தரவு, வெயில், எல்லாம் சேர்ந்து ஒரு ஆள் மேல விழுது.

குளிர் மிஷினுக்கும் இதே நிலைமை வரப் போகுது. ஏசி மெக்கானிக் பையன்கள் ஐடிஐ முடிச்சோ முடிக்காமலோ, பைக்ல ஒரு சிலிண்டரைக் கட்டிக்கிட்டு, மே மாச வெயில்ல மூணாவது மாடி ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கிட்டுக் கேஸ் அடிக்கிறாங்க. நாளைக்கு அந்தச் சிலிண்டர்ல இருக்கிறது எரியும். அவங்களுக்குத் தமிழ்ல, கையில தொட்டுப் பழகுற மாதிரி, சம்பளத்தோட ரெண்டு வாரப் பயிற்சி கொடுக்கிறது ஒரு கேஸைக் கண்டுபிடிக்கிற அளவுக்கே முக்கியம்.

நீங்க செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை ஏசிக்குக் கேஸ் அடிக்க ஆள் வந்தா, "எவ்வளவு ஆகும்"ங்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. என்ன கேஸ்? கசிவை அடைச்சாச்சா? எடை போட்டு அடிக்கிறீங்களா? மூணுக்கும் நிதானமாப் பதில் சொல்லிட்டு வேலை செய்யுறவருக்கு நூறு, இருநூறு கூடக் கொடுங்க. அந்தக் காசு வீண் போகாது. உங்க ஏசியில சரியா அடிக்கப் பழகின தம்பிதான் அடுத்த வருஷம் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து எங்க பால் தொட்டிக்கும் அடிப்பார்.